பள்ளிப் படிப்பு மட்டும் முடித்தவர் என் மகளுக்கு மனநல சிகிச்சை தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அவள் கண்ணெதிரே நடந்த சாலை விபத்தில் அவள் அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. இரவில் அலறி எழுகிறாள். வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள், பள்ளிக்குப் போவதில்லை. குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் பயணம். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண், வாரம் ஒருமுறை அழைத்து வரச் சொல்கிறார். அவர் டாக்டர் இல்லை. அவரிடம் விடலாமா, அல்லது தூக்க மாத்திரை மட்டும் கொடுக்கட்டுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். துக்கத்துக்காகக் குழந்தைகளுக்கு, தூக்கம் வரவைக்கும் டயசிபாம் வகை மருந்துகளைத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் தாராளமாக விடலாம். ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் லுசாகா நகரில் நடந்த ஓர் ஆய்வில், பெற்றோரை இழந்தும் கொடுமைகளுக்கு ஆளாகியும் தவித்த குழந்தைகளுக்கு இத்தகைய உள்ளூர்ப் பணியாளர்களே சிகிச்சை தந்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இவர்களுக்கு அச்சம், கெட்ட கனவு போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. 2015இல் முடிவு வெளியானது. பின்னர் கென்யாவிலும் தான்சானியாவிலும் செய்து பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் கென்யாவில் பலன் நிலைத்தது. தான்சானியாவில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. முதலில் மூச்சையும் உடலையும் தளர்த்தக் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு அன்று நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவோ வரையவோ வைப்பார்கள். இங்கேதான் பல தாய்மார்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ‘மறந்திருப்பதை ஏன் கிளறுகிறீர்கள்?’ என்பார்கள். மறந்திருந்தால் அவள் ஏன் அலறி எழுகிறாள்? வீட்டில் அப்பா பேச்சையே எடுக்காமல் இருக்கிறீர்களா? நீங்கள் உடைந்துவிடுவீர்களோ என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் தாயையும் தனியே உட்கார வைத்துப் பேசுவார்கள். நீங்களும் தவறாமல் போங்கள்.

அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ‘உங்களை மேற்பார்வையிடுவது யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை?’ அந்த ஆய்வுகளில் பணியாளர்கள் வாராவாரம் மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் பேசினார்கள். சான்றிதழைவிட எனக்கு அதுதான் முக்கியம். நாலு நாள் வகுப்போடு விட்டுவிட்டார்கள் என்றால் யோசிப்பேன்.

சாக வேண்டும் என்று அவள் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டை அறவே நிறுத்தினாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஒரு நாள் பயணம் அப்போது அவசியம்.