வாசகர் கேள்வி: பழைய வண்டிக்குத் துரு நீக்கம்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த எங்கள் பழைய புல்லட்டின் ஸ்டாண்டும் செயின் கவரும் போல்ட்டுகளும் துருவேறியுள்ளன. ஆசிட்டில் போட்டு எடுக்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கழிவறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை விரைவில் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது துருவோடு நில்லாமல் இரும்பையும் அரிக்கும், அதன் புகை பட்டால் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருப்பிடிக்கும் என்பதால், வீட்டில் செய்வோருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைக்கும் லெமன் சால்ட்டே, அதாவது சிட்ரிக் அமிலமே போதும்.

முதலில் மண்ணெண்ணெயால் கிரீஸை முற்றிலும் துடைத்துச் சோப்பு நீரில் கழுவுங்கள்; எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் கரைசல் வேலை செய்யாது. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை கலந்து, பாகங்கள் முழுதும் மூழ்குமாறு சில மணி நேரம் ஊறவிட்டு, இடையிடையே கம்பிப் பிரஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு போன இடம் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். அதன்பின் ஊறவிடத் தேவையில்லை.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். கழுவி அப்படியே வைத்தால், வெறும் இரும்பின் மேல் சற்று நேரத்திலேயே செம்மஞ்சள் படலம் படியும். உங்களைப் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆகவே சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி, எண்ணெயோ பிரைமரோ பூசிவிடுங்கள்.

ஸ்பிரிங்குகளையும் உயர்வலு போல்ட்டுகளையும் மட்டும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். உள்ளே புகும் ஹைட்ரஜனால் அவை பின்னர் திடீரென முறியக்கூடும். அலுமினியப் பாகங்களுக்கும் இக்கரைசல் ஆகாது.