கண்மாய்க் கதைகளை யார் கேட்பார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சிகள், மீன்பிடித் திருவிழா, மடையைக் காக்கும் தெய்வமான மடைக்கருப்பு என்று ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்கிறேன். மாதம் இரண்டு எபிசோட். வெளியான முதல் வாரத்தில் 70, 80 டவுன்லோடு வருகிறது. அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. "மற்ற பாட்காஸ்ட்காரர்களோடு பழகு, நெட்வொர்க்கிங் பண்ணு" என்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய் உதவி கேட்க எனக்குக் கூச்சம். தவிர, கண்மாயைப் பற்றிப் பேசும் இன்னொரு நிகழ்ச்சி என் கண்ணில் படவே இல்லை. யாரோடு பழகுவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் எபிசோடுகள் சிலவற்றைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கண்மாய்க்குள் நீருக்கு அடியில் இருக்கும் மடையான குமிழித்தூம்பைத் திறக்க முங்கிப் போன பெரியவரின் பேட்டி இன்னும் காதில் நிற்கிறது. நிறைந்த கண்மாயில் நீருக்கு நடுவே நிற்கும் இரண்டு கல்தூண்களைப் பிடித்தபடி கீழே இறங்கி, அடைப்பைத் தூக்கிவிட்டு, மூச்சு முட்டும் முன் மேலே வந்ததை அவர் சொல்கிறார். நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நிறுத்தும் இடங்களில் பின்னால் தவளைச் சத்தம். இப்படிப் பதிவு செய்யத் தெரிந்தவர் ஆள் கிடைக்காமல் நிறுத்திவிடக் கூடாது.

முதலில் அந்த 70, 80 பற்றி. பஸ்ஸ்ப்ரவுட் என்று, பாட்காஸ்ட்களின் ஒலிக்கோப்புகளை வைத்திருந்து வெளியிட்டுத் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் தன்னிடமுள்ள நிகழ்ச்சிகளின் கணக்கைப் பொதுவில் வைக்கிறது. முதல் ஏழு நாளில் ஏறக்குறைய 30 டவுன்லோடைத் தாண்டினாலே ஒரு எபிசோட் மேல் பாதிக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் அதைத் தாண்டி நிற்கிறீர்கள். எனவே உங்களிடம் உள்ள சிக்கல் நிகழ்ச்சியின் தரம் அல்ல. கேட்கக்கூடியவர்களிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உறவினர் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் இருப்பவர்களில் பலருக்குப் பாட்காஸ்ட் கேட்கும் வழக்கமே இருக்காது. அவர்கள் உங்களைக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். புதிதாக ஒரு பழக்கம் வர வேண்டும், அப்புறம் உங்கள் நிகழ்ச்சி பிடிக்க வேண்டும். ஏற்கனவே தினமும் பஸ்ஸிலோ சமையலறையிலோ எதையாவது கேட்டுக்கொண்டிருப்பவருக்கு முதல் காரியம் முடிந்துவிட்டது. அவர் செய்ய வேண்டியது பட்டனை ஒரு முறை அழுத்துவது மட்டுமே. அவர் இருக்கும் இடம் இன்னொருவருடைய நிகழ்ச்சி. அங்கே போய்த்தான் அவரைப் பார்க்க முடியும்.

பெரிய பெயர்களுக்கும் இதுதான் நடந்தது. 2014 அக்டோபரில் 'சீரியல்' என்ற அமெரிக்கப் பாட்காஸ்ட் தொடங்கியபோது அதன் முதல் எபிசோடை 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற வானொலி நிகழ்ச்சி தன் நிகழ்ச்சியிலேயே ஒலிபரப்பியது. இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளே கேட்கத் தயாராக இருந்த காதுகள் வேறொரு நிகழ்ச்சி பல வருடம் சேர்த்து வைத்தவை. அதே ஆண்டு 'ரேடியோடோப்பியா' என்ற பாட்காஸ்ட்களின் கூட்டமைப்பு வந்தது. 2017இல் பாஸ்டனில் மூன்று சுதந்திர நிகழ்ச்சிகள் சேர்ந்து 'ஹப் அண்ட் ஸ்போக்' என்று ஒன்றை ஆரம்பித்தன. ஒன்று தொழில்நுட்பம், ஒன்று ஓவியம், ஒன்று தத்துவமும் கருத்துகளும். தலைப்பில் ஒற்றுமையே கிடையாது. ஆனால் நிதானமாக, யோசித்து, உழைத்துச் செய்யும் ஒரு தன்மை மூன்றுக்கும் பொது. ஒன்றைக் கேட்கிறவருக்கு மற்றதும் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் ஒருவர் நிகழ்ச்சியை மற்றவர் தன் நேயர்களுக்குச் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'வெல்கம் டு நைட் வேல்' செய்தது. 2012இல் தொடங்கிய கற்பனைத் தொடர் அது, ஒரு விசித்திரமான பாலைவன ஊரின் வானொலி அறிவிப்பாளர் பேசுவதாக வரும். ஒவ்வொரு எபிசோடிலும் "இப்போது வானிலை" என்பார்; வானிலைக்குப் பதிலாக ஒரு பாட்டு வரும். பெரும்பாலும் அதிகம் பேருக்குத் தெரியாத, தனியாக இயங்கும் இசைக்கலைஞர் ஒருவருடைய முழுப் பாட்டு. அந்தத் தொடர் 2013இல் திடீரென்று பெரிதானதற்கு டம்ப்ளர் தளத்தில் ரசிகர்கள் வரைந்து தள்ளிய படங்கள் முக்கியக் காரணம், அது வேறு கதை. நான் சொல்ல வருவது, யாருமே கேட்காத காலத்திலேயே அவர்கள் தங்கள் நேரத்தில் ஒரு பகுதியை இன்னொரு கலைஞருக்கு எடுத்து வைத்தார்கள் என்பதை. நெட்வொர்க்கிங் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார்களே, அதன் நல்ல வடிவம் இதுதான்.

சரி, யாரோடு பழகுவது? கண்மாயைப் பற்றிப் பேசும் இன்னொரு நிகழ்ச்சியைத் தேடாதீர்கள். கண்மாய்க்கு வந்து போகிறவர்கள் யார் என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இதைப் பறவை பார்ப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார்கள். குமிழித் தூண்களில் கல்வெட்டு இருக்கிறது; கல்வெட்டு, கீழடி, தொல்லியல் என்று பேசும் நிகழ்ச்சிகளின் நேயர்கள் உங்களுக்கு நேயர்கள். வேளாண்மை பேசுகிறவர்கள், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள், நாட்டார் தெய்வங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் ஆள் உண்டு. இரணைமடுக் குளத்தையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் பார்த்து வளர்ந்த இலங்கையின் வன்னி மக்கள் இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். குளத்து நீரைப் பங்கு வைப்பதைப் பற்றி அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று ராஜசிங்கமங்கலத்தைச் சொல்வோமே, அதை வைத்து ஈழத்து நிகழ்ச்சி ஒன்றோடு சேர்ந்து ஓர் எபிசோட் செய்யலாம்.

இந்த நிகழ்ச்சிகளைக் கண்டுபிடிப்பதற்கு டாப் 50 பட்டியல் உதவாது. அது ஏற்கனவே பெரிதாக இருப்பவர்களின் பட்டியல். ஆளைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சிறந்த வழி. உங்களுக்குப் பிடித்த ஓர் ஆய்வாளரின் பெயரை லிசன் நோட்ஸ் போன்ற பாட்காஸ்ட் தேடுபொறியில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள். அவர் விருந்தினராகப் போன நிகழ்ச்சிகள் வரும். அவற்றின் மற்ற விருந்தினர்களைத் தேடினால் இன்னும் நாலு நிகழ்ச்சி கிடைக்கும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் உங்கள் நிகழ்ச்சிப் பக்கத்தைக் கீழே வரை தள்ளிப் பார்த்தால் இதைக் கேட்பவர்கள் வேறு எதைக் கேட்கிறார்கள் என்று காட்டும் வாய்ப்புண்டு. பாட்காஸ்ட்களுக்குப் புது வசதிகள் சேர்க்கும் 'பாட்காஸ்டிங் 2.0' முயற்சியில் 'பாட்ரோல்' என்று ஒரு வசதி வந்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சியை நடத்துபவர் தான் பரிந்துரைக்கும் மற்ற நிகழ்ச்சிகளைத் தன் ஃபீடிலேயே, அதாவது ஆப்புகளுக்கு எபிசோடுகளைக் கொண்டுசேர்க்கும் பட்டியலிலேயே, குறித்து வைக்கலாம். எல்லா ஆப்பும் அதைக் காட்டுவதில்லை. ஆனால் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் இடம் கொடுத்தால் இன்றே ஐந்து பெயரைப் போட்டு வையுங்கள்.

கண்டுபிடித்ததும் உடனே எழுதிவிடக் கூடாது. கேளுங்கள், முழுதாக மூன்று எபிசோடாவது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கூட்டணிக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை என் நிகழ்ச்சியை ஒரு நிமிடம்கூடக் கேட்காதவர்களிடமிருந்து வருகின்றன. முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் எழுத மனம் வராது.

கேட்டவர் எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு பறவை நிகழ்ச்சிக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நத்தைக்குத்தி நாரையைப் பற்றிய உங்கள் எபிசோடில், கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகிறது என்றீர்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் அந்த மரங்களை ஏலம் விட்ட வருடம் பறவை வரவில்லை என்று ஒரு மடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நாலு நிமிடப் பதிவு இத்துடன் இருக்கிறது. உங்களுக்குப் பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்." இதில் உதவி கேட்கும் வரி எங்கே இருக்கிறது? நீங்கள் கொடுக்கிறீர்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? அவர் அந்தப் பதிவை ஒலிபரப்பினால் உங்கள் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். பதிலே போடாவிட்டாலும் அந்த எபிசோடை உங்கள் நேயர்களுக்குப் பரிந்துரை செய்யுங்கள். எண்பது பேருக்கு ஒரு நல்ல நிகழ்ச்சி தெரிந்ததே, அதுவும் நீங்கள் செய்ய வேண்டிய வேலைதான்.

பழக்கம் ஏற்பட்ட பிறகு ட்ரெய்லர் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஒரு நிமிட அறிமுகம் அவர் எபிசோடில், அவருடையது உங்களுடையதில். இதை எபிசோட் முடிந்தபின் போட்டால் கேட்க ஆளிருக்காது, முன்பாதியில் வர வேண்டும். தயார் செய்த ட்ரெய்லரைவிட அந்த நிகழ்ச்சிக்காரரே தன் குரலில் "இதை நான் கேட்டேன், இன்ன இடம் பிடித்தது" என்று சொல்வது பல மடங்கு மேல். இன்னும் நெருங்கிவிட்டால் ஒருவருடைய முழு எபிசோடையே மற்றவர் ஃபீடில் வெளியிடலாம். "நீ என்னை ஃபாலோ செய், நான் உன்னைச் செய்கிறேன், ஐந்து ஸ்டார் போட்டுக்கொள்வோம்" என்று இயங்கும் குழுக்களில் மட்டும் சேராதீர்கள். எண் ஏறும், காது ஏறாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் உங்கள் விஷயத்தில் முக்கியம். ஆப்பிள் 2024 மார்ச்சில் எபிசோடுகளுக்குத் தானாக எழுத்து வடிவம் தரத் தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நாலு மொழிக்குத்தான் கொடுத்தது. தமிழில் உள்ளே என்ன பேசுகிறோம் என்பதை இயந்திரம் கண்டுபிடித்துக் காட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் தலைப்புகள் 'எபிசோட் 31: நீரின் நினைவு' என்கிற மாதிரி இருக்கின்றன. அழகுதான், ஆனால் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், மடைக்கருப்பு, குமிழித்தூம்பு எல்லாம் தலைப்பிலும் குறிப்பிலும் வரட்டும். ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள், நம்மவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தட்டச்சு செய்து தேடுகிறார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு மரபே இருந்தது. சிற்றலை வானொலிக் காலத்தில் பிபிசி தமிழோசை, சீன வானொலி, வெரித்தாஸ் என்று கேட்டவர்கள் சிற்றூர்களில்கூட நேயர் மன்றம் வைத்திருந்தார்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அறிக்கை எழுதி அனுப்புவார்கள். அதை ஏற்று நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். ஒரு நிலையத்தைப் பிடித்தவர் இன்னொன்றைப் பற்றி மன்றத்தில் கேள்விப்பட்டு அன்று இரவே முள்ளைத் திருப்புவார். ஒலிபரப்பு நிலையங்கள் பீஜிங்கிலும் மணிலாவிலும் இருக்க, கேட்பவர்களை இங்கே ஒருவருக்கொருவர் சேர்த்துவிட்டது நேயர்களேதான். உங்கள் எண்பது பேரில் பத்துப் பேராவது அப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த எபிசோடில் "இப்போது வேறென்ன கேட்கிறீர்கள்?" என்று கேளுங்கள், குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கருவியும் தராத பட்டியல் அதில் கிடைக்கும். நீங்கள் எழுத வேண்டிய முதல் ஆட்களும் அதில்தான் இருப்பார்கள்.

ட்ரெய்லருக்கு எதை வெட்டுவது என்று யோசிப்பீர்கள். அந்தப் பெரியவர் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் தொடங்கி, மேலே வருவதற்கு முன் வெட்டிவிடுங்கள். உங்கள் குரலில் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஒரு நிமிடத்துக்குள் தயார் செய்து எனக்கு அனுப்புங்கள். என்னுடைய அடுத்த எபிசோடின் முன்பாதியில், நான் ஏன் அதை விரும்பிக் கேட்டேன் என்பதோடு சேர்த்துப் போடுகிறேன்.