கடலைப் பார்க்காத ஊரிலிருந்து

ஐயா, வணக்கம்.

தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். புயல் எங்கே, எப்போது கரை கடக்கும் என்று கணித்துச் சொல்லும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறேன். பி.எட். முடித்தால் போதும் என்கிறார் அப்பா. "கடலையே ரெண்டு தடவதான் பாத்திருக்கற, உனக்கெதுக்குப் புயலு?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் பக்கத்திலிருந்து போய் அந்தத் துறையில் வேலை பார்த்தவர் நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா கேட்டதையேதான் என் அப்பாவும் கேட்டார். காங்கேயம் பக்கம் கொரங்காட்டில் மாடு மேய்த்த வீடு எங்களுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவருக்கு அது புரியவில்லை.

புயலைக் கணிப்பவர் புயலை நேரில் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் புயலுக்குள் விமானத்தை ஓட்டி அளக்கிறார்கள். வங்கக் கடலில் நமக்கு அந்த வழக்கம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, நடுவில் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறோம். வெர்னன் டுவோராக் என்பவர் 1970களில் வகுத்துக் கொடுத்த முறை அது. விடிகாலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் பலூன் விட்டு மேல்காற்றை அளப்பார்கள். கரைக்கு நெருங்கினால் ராடார் பார்த்துக்கொள்ளும். இத்தனை எண்களையும் வைத்துக் கணினி மாதிரிகள் ஆளுக்கொரு பாதை காட்டும். எதை எவ்வளவு நம்புவது என்று முடிவெடுப்பதுதான் வேலை. அதற்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளை இந்த வருடமே நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியில் ரயில் ஏறிப் பாலக்காடு போகும் வழியில் கொல்லங்கோடு வரும். பி.ஆர். பிஷாரடி 1909இல் அங்கேதான் பிறந்தார். சி.வி. ராமனிடம் பயின்று, வானிலைத் துறைக்கு வந்து, 1962இல் புனேயில் தொடங்கிய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த மனிதர். அன்னா மணி பீர்மேட்டு மலையில் பிறந்தவர். ராமனின் ஆய்வகத்தில் உழைத்து ஆய்வேட்டைக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, இந்தியா தன் வானிலைக் கருவிகளைத் தானே செய்துகொள்ள வழி செய்தார். உங்கள் அப்பாவிடம் இவர் கதையைச் சொல்லுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வளிமண்டலவியல், வானிலையியல் முதுகலை இருக்கிறது. இயற்பியலிலேயே எம்.எஸ்சி. முடித்தும் வரலாம். அப்புறம் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல அறிவியல் தாளை எழுதிப் புனேயில் ஆய்வுக்குப் போகலாம். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய வீடு என்றால், மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) வானிலைத் துறைக்காக நடத்தும் அறிவியல் உதவியாளர் தேர்வுக்கு முதல் வகுப்பில் தேறிய இயற்பியல் பட்டம் போதும். அது வருடா வருடம் வருவதில்லை. அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இரவுப்பணி உண்டு, தீபாவளி சமயத்தில் ஊருக்கு வர முடியாது. ஐப்பசியும் கார்த்திகையும்தானே நம் பருவம்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு.

வேலையில் சேர்ந்து சில வருடங்கள் இருக்கும். வங்கக் கடலில் ஒரு புயல். பல்லடத்திலிருந்து மாமா போன் செய்தார். சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டிருந்தார். "மாப்ளே, நம்ம பக்கம் வருமா?" என்றார். கரையைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும், பயப்படாதீர்கள் என்றேன். நான் சொன்னதில் தப்பில்லை, காற்று ஓய்ந்துதான் வந்தது. மழை இரண்டு நாள் விடாமல் பெய்து பட்டறைக்கு அடியில் தண்ணீர் புகுந்து பாதி வெங்காயம் அழுகிவிட்டது. அவர் மழையைக் கேட்டார், நான் காற்றுக்குப் பதில் சொன்னேன். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், அதற்கொரு பெயர் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். பெயர் போய்விடும், மழை போகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. வலுவிழந்த பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. தாராபுரம் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதற்கு அருகில் வரும் அளவு அது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் பாருங்கள்.

இதை நீங்கள் பிறந்ததிலிருந்து வேறு பக்கமிருந்து பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறை நனையும், உடுமலைக்குக் காற்றாலையைச் சுற்றும் காற்று மட்டும் வரும். நம் கிணறு ஊறுவது வங்கக் கடல் தாழ்வுகளால்தான். ஒரே தாழ்வு மண்டலச் செய்தியைக் கேட்டுக் கடலூர்க்காரர் படகை மேலே இழுத்துக் கட்டுகிறார், மூலனூர்க்காரர் விதைச்சோளத்தை எடுத்து வைக்கிறார். இந்த இரண்டு பேரும் கேட்பார்கள் என்று நினைத்து அறிக்கை எழுத நான் வெகு தாமதமாகத்தான் கற்றேன். மழைக்குக் காத்திருக்கும் வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மிணி, நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஒரு மழைமானி வாங்கி, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலை எட்டரைக்கு அளந்து குறித்து வையுங்கள். நாடு முழுக்க மழையை அளக்கும் நேரம் அது. மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும், விட்டுவிடக் கூடாது. அப்பாவையும் அளக்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.