தோட்டப்புறத்துப் பையன் கிட்டார் படித்து இசையமைப்பாளராக, பேராசிரியராக வர முடியுமா?

கேள்வி: "நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். மகன் இந்த ஆண்டு பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறான். செவ்வியல் கிட்டார் வாசிப்பது, இசை எழுதுவது, பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது, இதுதான் என் தொழில் என்கிறான். நடக்கிற காரியமா?"

நானும் அதே ஊர்தான். அப்பா பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துகொண்டு ஊருக்குள் வந்தோம். இப்போது ஒரு கடைவீட்டு மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பேராசிரியர் ஆகவில்லை. பாதி வழியில் நின்றவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் மூன்று தொழில் சொல்கிறானே என்று பயப்படாதீர்கள். இந்த வாத்தியத்தில் மூன்றும் ஒன்றுதான். பீத்தோவன் மாண்டலினுக்குக்கூட எழுதினார், கிட்டாருக்கு எழுதவில்லை. பியானோவில் ஓர் ஒலிக்கு ஒரே கட்டை. கிட்டாரில் விரல் வைக்காமல் முதல் தந்தியை மீட்டினால் வரும் ஒலி, இரண்டாம் தந்தியில் 5ஆம் ஃபிரெட்டிலும் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிதான் ஃபிரெட்), மூன்றாம் தந்தியில் 9ஆம் ஃபிரெட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. எங்கே பிடித்தால் அடுத்ததற்கு விரல் எட்டும் என்பது வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் 19ஆம் நூற்றாண்டிலேயே சோர், தாரெகா போன்ற வாசிப்பாளர்கள் தாங்களே எழுதினார்கள். மாணவர்களுக்குப் பயிற்சிப் பாடங்களையும் அவர்களே எழுதினார்கள்.

பையனிடம் லியோ பிரௌவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கிட்டார் வாசிப்பாளர், இசையமைப்பாளர்; 1939இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். தாரெகாவின் மாணவர் புஜோல், புஜோலின் மாணவர் ஐசக் நிகோலா, நிகோலாவின் மாணவர் இவர். நம் குருபரம்பரைக் கணக்குதான். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இசையமைப்புப் படித்தார், திரும்பிவந்து ஹவானாவில் கற்பித்தார், படங்களுக்கு இசையமைத்தார். 1980களில் வலக்கை விரல் கெட்டு மேடை வாசிப்பு நின்றுபோயிற்று. வாசிப்பு ஒன்றையே நம்பியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எழுத்து நிற்கவில்லை. 1992இல் ஸ்பெயினில் கோர்தோபா இசைக்குழு தொடங்கியபோது அதன் முதல் இசை நடத்துநர் அவர்தான்.

மாணவர்களுக்காக அவர் எழுதிய 20 எளிய பயிற்சிகளில் முதலாவதை 17 வயதில் வாசிக்கத் தொடங்கினேன். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டைச் சொல்லும், மெல்லிய தந்திகள் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது. கீழே திடலில் உறுமிக் குழு ஒத்திகை. ஜன்னலைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம் பிரௌவரின் இசைக்குள் ஓடுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம், அந்தத் தாளுக்கும் இந்தத் திடலுக்கும் ஏதோ உறவுமுறை இருக்கிறது என்பதுதான்.

பிறகு நானும் ஒன்று எழுதினேன். உறுமியின் தேய்ப்பொலிக்காகத் தடித்த தந்தியின் உலோகச் சுற்றை நகத்தால் இழுத்தேன். தந்திகளைக் கட்டியிருக்கும் பாலத்துக்கு அருகே கட்டைவிரலின் பக்கவாட்டால் தட்டியபோது உறுமியின் மறுபக்கத்துத் தோலின் அடி கிடைத்தது. மூன்று நிமிடத் துண்டு. தாய்மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தான் நம் பையன்கள் கோயிலில் சும்மா அடிக்கிறார்களே, இதற்கா இவ்வளவு செலவு?" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது, இன்னும் பதில் வைத்திருக்கவில்லை.

படிப்புக்கு வருவோம். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்திலும், நம் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் இசை படிக்கலாம். பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு தேர்வுகளை இப்போதே எழுதத் தொடங்கட்டும். தாளைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் இல்லாமல் போனால் முதல் ஆண்டிலேயே திணறுவான், நான் திணறினேன். கல்யாண மெல்லிசைக் குழுவில் காதால் கற்றவன் நான். விரிவுரையாளர் ஆக முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். இசையமைப்பில் அதற்குக் கேட்பது பெரும்பாலும் சொந்தப் படைப்புகளின் தொகுப்பும் அவற்றைப் பற்றிய ஆய்வுரையும். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஸ்டீபன் காஸ் இப்படி மூன்றும் கலந்த மனிதர்: கிட்டார் வாசிப்பவர், ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் பியானோ இசையை எடுத்துக் கிட்டாருக்கும் இசைக்குழுவுக்குமான கான்செர்ட்டோவாக எழுதியவர்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுதுவதால் மட்டும் சாப்பிடுகிறவரை நான் நேரில் பார்த்ததில்லை. அரிசி, வாடகை, கார்த் தவணை எல்லாம் கற்பிப்பதிலிருந்துதான் வருகிறது. காலையில் எழுதுகிறேன், மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்போல் தோன்றும். வலக்கை நகம் வளர்ந்திருக்க வேண்டும், இடக்கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு என் பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர் என் வலக்கை நகங்களை வெட்டிவிட்டார். அன்று வாசித்ததில் ஒலியே எழவில்லை. பள்ளிக்கு இப்போதே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

ஊர் ஒன்றுதானே, ஒரு சனிக்கிழமை பையனை அழைத்து வாருங்கள். தனிச்செய்தியில் எழுதினால் இடம் சொல்கிறேன். கிட்டாரைக் காரின் பின்பெட்டியில் போடாதீர்கள். வெயிலில் பசை இளகிப் பாலம் கழன்றுவிடும். பின் இருக்கையில், பையன் மடியில் வரட்டும்.