பத்திரமாகத் திரும்பியது யார்?

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலத் தேர்வில் 'மீனவர்கள் பத்திரமாகக் கரை திரும்பினார்கள்' என்பதை மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் 'த ஃபிஷர்மென் ரிட்டர்ன்ட் சேஃப்லி அண்ட் சவுண்ட்லி' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் வட்டம் போட்டு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். 'சேஃப் அண்ட் சவுண்ட்' என்றுதான் வர வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில். வினைச்சொல்லோடு வரும்போது 'லி' சேர்க்கணும் என்று அதே வகுப்பில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் செய்தது என்ன தப்பு? அதோடு, சவுண்ட் என்றால் சத்தம்தானே, அது இங்கே எதற்கு?

இன்னொன்று. என் தம்பி லீவு கேட்டு மேனேஜருக்கு 'ஐ ஆம் சிக் அண்ட் டயர்ட் ஆஃப் வொர்க்' என்று வாட்ஸப் அனுப்பினான். அவர் கோபித்துக்கொண்டார். உடம்பு முடியவில்லை, வேலை செய்து களைத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அந்த விதியை ஒழுங்காகப் படித்திருக்கிறாள், படித்ததை எழுதியும் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லப்படாமல் போனது விதியின் மறுபாதி.

முதலில் சத்தத்தைத் தீர்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் இருக்கிறது. சத்தம் என்று பொருள்படுவது லத்தீனிலிருந்து வந்தது. இந்த சவுண்ட் வேறு, பழைய ஆங்கிலச் சொல். பழுதில்லாத, ஆரோக்கியமான என்று பொருள். ஜெர்மன்காரர்கள் ஆரோக்கியத்துக்குச் சொல்லும் 'கெசுண்ட்' இதன் உறவுக்காரச் சொல். உயிலில் 'சவுண்ட் மைண்ட்' என்று எழுதுகிறார்களே, அதே சவுண்ட்தான். ஆக, சேஃப் என்றால் ஆபத்து விலகியது, சவுண்ட் என்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலுக்குப் போனவர் வீடு திரும்பும்போது நாம் விசாரிப்பதும் இந்த இரண்டைத்தானே?

'சவுண்ட்லி' என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தூக்கத்தோடு போகும். 'ஸ்லெப்ட் சவுண்ட்லி' என்றால் அயர்ந்து தூங்கினாள். மேட்சில் படுதோல்வி என்றால் 'சவுண்ட்லி பீட்டன்'. கரை திரும்புவதோடு அது ஒட்டாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் 'வேகமாக வந்தார்' என்கிறோம், 'சோர்வாக வந்தார்' என்கிறோம். இரண்டிலும் 'ஆக'. ஆனால் வேகம் யாருடையது? வருகையினுடையது. சோர்வு யாருடையது? வந்தவருடையது. ஒரே 'ஆக' இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் நமக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. செயலைப் பற்றிச் சொன்னால் 'க்விக்லி', ஆளைப் பற்றிச் சொன்னால் வெறும் 'டயர்ட்'. 'ஹி கேம் ஹோம் டயர்ட் அண்ட் ஹங்ரி' என்றால் வீடு வந்தபோது ஆள் களைப்பும் பசியுமாக இருந்தார். பசிப்பது அவருக்கு, வருகைக்கு இல்லை. அதனால் அங்கே 'லி' கிடையாது. 'சேஃப்லி' மட்டும் தனியாக எழுதியிருந்தால் சரிதான், ஆபத்தில்லாமல் நடந்த திரும்புதல் என்று செயலைச் சொன்னதாகும். 'சேஃப் அண்ட் சவுண்ட்' திரும்பிய மனிதர்களைப் பார்த்துச் சொல்வது.

நான் இருப்பது புதுச்சேரியில். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்த மொழியிலும் இதே ஜோடி உண்டு, வரிசைதான் மாறும்: ஆரோக்கியம் முதலில், பாதுகாப்பு அப்புறம். வந்தது ஆண் என்றால் இரண்டாவது சொல் 'சோஃப்'. பெண் என்றால் அதுவே 'சோவ்' ஆகிவிடும். முதல் சொல்லும் அப்படியே ஆளுக்குத் தகுந்தபடி மாறும். அது வினையைப் பற்றிய சொல்லாக இருந்தால், வந்தது ஆணா பெண்ணா என்று அதற்கு என்ன கவலை? ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு பிரெஞ்சில் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு இந்த இலக்கணம் உறைத்ததே அந்த ஒரு எழுத்து மாறியதைக் கேட்டபோதுதான்.

இன்னொரு வாக்கியத்தை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். 'தே ஃபவுண்ட் த பாய் சேஃப் அண்ட் சவுண்ட்.' இதை 'பையனைப் பத்திரமாகக் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதினால் தமிழ் இடிக்கும், தேடியவர்கள் பத்திரமாக இருந்த மாதிரி. 'கண்டுபிடித்தார்கள், பையன் நல்லபடியாக இருந்தான்' என்று இரண்டாக உடைத்தால்தான் நம் காதுக்குச் சரியாகப் படும். ஒரே ஜோடிதான். 'ரிட்டர்ன்ட்' என்ற வினையோடு வந்தால் எழுவாயைப் பற்றிச் சொல்கிறது, 'ஃபவுண்ட்' என்ற வினையோடு வந்தால் செயப்படுபொருளைப் பற்றிச் சொல்கிறது. யாரைப் பற்றியது என்பதைத் தீர்மானிப்பது வினைதான்.

ஒவ்வொரு ஜோடிக்கும் தனக்கென்று சில வினைகளும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தான் கரை கடந்தது. சில நாள் கழித்து தேவனாம்பட்டினம் போயிருந்தேன். ஒரு ஃபைபர் படகு அலை எட்டாத மேட்டில் சாய்ந்து கிடந்தது. வலை அதன் மூக்கில் சுற்றியிருந்தது, அடியில் ஒட்டியிருந்த பாசி வெயிலில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'லெஃப்ட் ஹை அண்ட் ட்ரை' என்பதை அதற்கு முன் நூறு தடவை படித்திருப்பேன். மேட்டில், ஈரமில்லாமல். தரைதட்டி நின்ற கப்பலைச் சொல்ல வந்த ஜோடி அது. கைவிடப்பட்ட மனிதர்களுக்கும் அதையே சொல்கிறார்கள், கூடவே 'லீவ்' என்ற வினை வரும். நாம் 'நட்டாற்றில் விட்டுவிட்டான்' என்கிறோம். அவர்கள் கரையில் விட்டுவிட்டான் என்கிறார்கள். ஆற்றில் இறங்கியவனுக்கு நடு ஆறு பயம், படகுக்குக் கரை பயம்.

நம்மிடமும் இந்தப் பழக்கம் நிறையவே இருக்கிறது. சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்கிறோம், குழியும் குண்டுமாக என்று யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஒரு பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்போம், நிற்கிறாள் நடக்கிறாள் என்று சொல்லமாட்டோம். இப்படித் திருப்பிப் போட முடியாத ஜோடிகளைப் பற்றி யாகோவ் மல்கீல் என்ற மொழியியலாளர் 1959இல் ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். 'குண்டும் குழியுமாக' தெரிந்த பிள்ளைக்கு 'சேஃப் அண்ட் சவுண்ட்' புரியாமல் போகாது. அங்கிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். மனப்பாடம் பண்ணு என்று ஒரு குழந்தையிடம் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லா ஜோடியும் இந்தக் கணக்கில் அடங்காது என்பதையும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். 'ஐ ஹியர் யூ லவுட் அண்ட் க்ளியர்' என்பதில் அந்த இரண்டு சொல்லும் கேட்பதைப் பற்றியவைதான், இருந்தும் 'லி' வராது. 'த டீ இஸ் நைஸ் அண்ட் ஹாட்' என்றால் டீ நன்றாகவும் இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது என்று இரண்டு செய்தி இல்லை. 'நல்லா சூடா இருக்கு' என்கிறோமே, அந்த 'நல்லா'தான் இந்த 'நைஸ்'.

தம்பி விஷயம். 'சிக் அண்ட் டயர்ட்' சேர்ந்து 'ஆஃப்' என்பதோடு வந்துவிட்டால் காய்ச்சலும் இல்லை, களைப்பும் இல்லை. வெறுத்துப்போய்விட்டது, சலித்துவிட்டது என்று பொருள். அதாவது, 'உங்க வேலையே எனக்கு வெறுத்துப்போச்சு' என்று மேனேஜருக்கு எழுதியிருக்கிறார். தம்பி அவரிடம் நேரில் போய், உடம்பு முடியாததைத்தான் சொல்ல வந்தேன் என்று தமிழிலேயே விளக்கிவிடட்டும். அடுத்த முறை லீவு வேண்டுமென்றால் 'ஐ ஆம் நாட் வெல்' என்று எழுதினால் போதும்.

அன்புடன்.