தொடர் பார்ப்பதற்கும் கலாநிதிப் பட்டமா?

"ஸ்ட்ரீமிங் தொடர்களில் அரசியல் பொருளாதாரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதில்தான் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். திருகோணமலையில் என் அம்மாவும் இதையேதான் கேட்கிறார்.

அரசியல் பொருளாதாரம் என்றால், ஒரு தொழிலில் காசும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பது. அதனால் நான் பார்ப்பது கதையை அல்ல, காசை. விளம்பரத்தால் ஓடும் தொலைக்காட்சி நம் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்கிறது. சந்தா வந்ததும் அது மாறிவிட்டது என்றார்கள். சரி, 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸே பல நாடுகளில் விளம்பரத்தோடு மலிவுத் திட்டம் கொண்டுவந்தது!

எங்கள் ஊர்க் கணக்கு வேறு. 2022இல் டொலர் சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. டொலரில் கட்டும் சந்தா, விலை ஏறாமலே ஏறியது. திருகோணமலை உப்புவெளியில் நாலு வீட்டுக்கு ஒரே நெட்ஃபிளிக்ஸ் கணக்கு என்று சமாளித்தோம். அப்புறம் 2023இல் நெட்ஃபிளிக்ஸ் கடவுச்சொல் பகிர்வுக்கும் கடிவாளம் போட்டது. யார் எவ்வளவு கட்டுகிறார்கள், அந்தக் காசு எந்த நாட்டுத் தயாரிப்புக்குப் போகிறது என்பதுதான் என் ஆய்வு.