ஊர் போயிற்று, சர்ச் மட்டும் நிற்கிறது

கேள்வி: இங்கிலாந்தில் இம்பர் என்ற கிராமத்துச் சர்ச்சுக்கு வருஷத்தில் சில நாள்தான் போக முடியுமாமே, நிஜமா? ஆளே இல்லாத ஊரில் சர்ச்சை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: நிஜம்தான். வில்ட்‌ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே, ராணுவப் பயிற்சி நிலத்துக்குள் இருக்கிறது இம்பர். 1943 நவம்பர் 1 அன்று ஊராரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக இடம் வேண்டும், 47 நாளில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போர் முடிந்தால் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் சுமார் 150 பேரும் கிளம்பினார்கள், விடவே இல்லை. ஊர்க் கொல்லர் ஆல்பர்ட் நாஷ் பட்டடைக்கல் மேல் சாய்ந்து அழுதாராம். சில வாரத்தில் இறந்தும் போனார், அடக்கம் மட்டும் இம்பரில் நடந்தது.

சர்ச் தப்பியது பக்தியால் என்று நினைக்காதீர்கள், பத்திரத்தால். விவசாயம் படுத்துக் கிடந்த 1920களின் கடைசியிலிருந்தே ராணுவம் அங்குள்ள பண்ணைகளை வாங்கிக்கொண்டு வந்தது. விற்றவர்களும் அதே நிலத்தில் குத்தகைக்கு இருந்தார்கள். 1943-ல் குத்தகைக்காரர் எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பார்? சர்ச்சோ அப்போது திருச்சபையின் சொத்தாக இருந்தது. அதனால் வீடுகள் நாசமானபோதும் அது வேலிக்குள் பத்திரமாக நின்றது. 1961-ல் சுமார் 2000 பேர் திரண்டு உள்ளே போய்ப் போராடினார்கள், அப்புறம் விசாரணை நடந்தது, ஊருக்குப் போகும் சாலை ராணுவத்தின் கையிலேயே இருக்கும் என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை வழிபாடு நடத்தலாம் என்று முடிவானது.

13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பெஞ்சுகள் இல்லை, படுத்த நிலையில் இருந்த வீரர் சிலைகளும் எடிங்டன் சர்ச்சுக்குப் போய்விட்டன. ஆனால் கோபுரத்தின் அடித்தளச் சுவரைத் தவறவிடாதீர்கள்: மணியடிப்பவர்கள் எந்த மணிக்கு அடுத்து எந்த மணியை இழுக்க வேண்டும் என்ற வரிசையை 1692-ல் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! எனக்கென்னவோ பழைய சுவரோவியங்களைவிட இதுதான் பிடிக்கும்.

போவதென்றால் ஆகஸ்டில் போங்கள். 2009 முதல் அந்த மாதத்தில் ஒருநாள் வார்மின்ஸ்டரிலிருந்து பழைய சிவப்பு டபுள் டெக்கர் பஸ்கள் விடுகிறார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். சாலையை விட்டு இறங்கிப் புல்வெளியில் செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள், வெடிக்காத குண்டுகள் இருக்கலாம் என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.